ரூபி ஸ்பார்க்ஸும் ஓர் இலைக் கணக்கும்

'ரூபி ஸ்பார்க்ஸ்' படத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை 2013இல், திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை ஒன்றில், நண்பனின் மடிக்கணினியில், ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு. இரண்டாவது முறை போன மார்கழியில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, மனைவியோடு. முதல் முறை அது ஓர் இனிமையான காதல் கதையாகத்தான் தெரிந்தது. எழுத்தாளன் ஒருவன் கனவில் கண்ட பெண்ணை எழுதுகிறான். அவள் உயிரோடு வந்து அவன் சமையலறையில் நிற்கிறாள். எழுத வேண்டும் என்ற வெறியில் இருந்த அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய கனவு இருந்திருக்க முடியாது. இரண்டாவது முறை பார்த்தபோது பாதிக்கு மேல் நெஞ்சு கனத்துவிட்டது.

படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "எல்லாம் சரி. அவ ஏன் திரும்பி வரணும்?"

அன்று என்னிடம் பதில் இல்லை. எழுதிப் பார்த்தால் வருமோ என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

முழுக் கதையையும் சொல்லப் போகிறேன், முடிவு உட்பட. தெரியாமல் பார்ப்பதுதான் சுகம் என்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றே முக்கால் மணி நேரம்தான்.

கால்வின் வியர்-ஃபீல்ட்ஸுக்கு 29 வயது. பத்து வருடம் முன்பு, 19 வயதில் எழுதிய நாவல் அவனைப் பெரிய பெயராக ஆக்கிவிட்டது. அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் வரவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் வெள்ளை வெளேரென்ற வீடு, ஸ்காட்டி என்ற நாய், பழைய தட்டச்சுப் பொறி, அதன் முன்னால் வெறும் தாள். நண்பர்கள் என்று யாரும் இல்லை. அண்ணன் ஹேரி மட்டும் வந்து போகிறான். காதலி விட்டுப் போய்விட்டாள். மனநல மருத்துவரிடம் போகிறான். எலியட் கூல்ட் நடித்த அந்த மருத்துவர் ஒரு சின்ன வீட்டுப்பாடம் கொடுக்கிறார்: உன் நாயைப் பிடித்துப்போன ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா, மோசமாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்றிரவு கனவில் ஒரு பெண் வருகிறாள். சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முகம் சரியாகத் தெரியவில்லை. விழித்ததும் கால்வின் எழுதத் தொடங்குகிறான். நிறுத்தாமல் எழுதுகிறான். ரூபி ஸ்பார்க்ஸ், வயது 26, ஊர் ஒஹையோ மாநிலத்து டேட்டன். படம் வரைவாள். கார் ஓட்டத் தெரியாது. கணினி கிடையாது. சிறு வயதில் அவள் மனதைப் பறிகொடுத்தது நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டிடமும் பாடகர் ஜான் லெனனிடமும். இருவரும் இறந்துபோனவர்கள் என்று தெரிந்த நாளில் அழுதாள். இப்படிச் சின்னச் சின்ன விவரங்களாக ஒருத்தி உருவாகிறாள்.

இந்த இடத்தில் அண்ணன் ஹேரி தாளை வாங்கிப் படித்துவிட்டு ஒன்று சொல்கிறான். முதல் முறை பார்த்தபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை. நீ மனுஷியை எழுதவில்லை, ஒரு 'பெண்'ணை எழுதியிருக்கிறாய் என்கிறான். குறைகள்கூட அழகாகவே இருக்கும் இப்படிப்பட்ட பெண்கள் நிஜத்தில் இல்லை என்பது அவன் வாதம். கல்யாணம் ஆனவன், கைக்குழந்தை உள்ளவன். அவன் மனைவி ஒருமுறை அவனை விட்டுப் போயிருக்கிறாள், அப்புறம் திரும்பி வந்திருக்கிறாள். அந்த அனுபவத்திலிருந்து பேசுகிறான். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த துணைப்பாத்திரம் அவன்தான்.

பிறகு வீட்டில் யாரும் வாங்காத பொருட்கள் தென்படுகின்றன. பெண்கள் செருப்பு, சவரக்கத்தி, உள்ளாடை. ஒரு காலையில் ரூபியே நிற்கிறாள். மூளை கலங்கிவிட்டதோ என்று கால்வின் ஓடுகிறான், ஒளிகிறான். வேறொரு பெண்ணைச் சந்திக்கப் போன இடத்தில் அவளுக்கும் ரூபி தெரிகிறாள் என்றதும்தான் அவனுக்கு உயிர் வருகிறது. ஹேரி மட்டும் நம்பவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்கிறான். கால்வின் தட்டச்சுப் பொறியில் ஒரு வரி அடிக்கிறான்: ரூபி பிரெஞ்சு சரளமாகப் பேசுகிறாள். அடுத்த அறையிலிருந்து பிரெஞ்சு கேட்கிறது.

ஹேரிக்கு வாய் பிளக்கிறது. இனி நீ அவளை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்கிறான். கால்வினோ இனி ஒரு வரிகூட எழுத மாட்டேன், அவள் இப்படியே இருக்கட்டும் என்று சத்தியம் செய்து, கைப்பிரதியை இழுப்பறைக்குள் பூட்டி வைக்கிறான். 2013இல் இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் பெரிய மரியாதை வந்தது. கையில் வரம் இருந்தும் பயன்படுத்தாதவன் அல்லவா?

இது ஹாலிவுட்டில் எத்தனையோ முறை வந்த கதையாகவே நின்றிருக்கும். அப்படி நிற்காததற்குக் காரணம் இதை எழுதியவர். ரூபியாக நடித்த ஸோயி கசான்தான் திரைக்கதையும் எழுதியிருக்கிறார். இயக்குநர் எலியா கசானின் பேத்தி அவர்; அப்பா, அம்மா இருவருமே திரைக்கதை ஆசிரியர்கள். ஒருநாள் இரவு வீடு திரும்பும் வழியில் குப்பையில் கிடந்த துணிக்கடைப் பொம்மையை ஒரு கணம் ஆள் என்று நினைத்துத் திடுக்கிட்டதாகவும், அப்போது பிக்மாலியன் கதை மனதில் வந்ததாகவும் சொல்லியிருக்கிறார். கால்வினாக நடித்த பால் டேனோ அவருடைய நிஜ வாழ்க்கைத் துணை. 2007இல் நியூயார்க்கில் ஒரு நாடகத்தில் சேர்ந்து நடித்தபோது பழகியவர்கள். இயக்கிய ஜோனதன் டேட்டனும் வாலரி ஃபாரிஸும் கணவன் மனைவி. 2006இல் 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' எடுத்து, ஆறு வருடம் கழித்து 2012இல் இதை எடுத்தார்கள். ஆக, ஒரு ஜோடி இயக்க, இன்னொரு ஜோடி நடிக்க, ஆண் பெண்ணை எழுதும் கதையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள். இதெல்லாம் தெரிந்த பிறகு படத்தின் ஒவ்வொரு காட்சிக்கும் இன்னொரு அடி ஆழம் கூடிவிடுகிறது.

பிக்மாலியன் கதையை ரோமானியக் கவிஞர் ஓவிட் தன் 'மெட்டமார்ஃபோசிஸ்' காவியத்தின் பத்தாம் நூலில் சொல்கிறார். சைப்ரஸ் தீவின் சிற்பி ஒருவன். நிஜப் பெண்கள்மேல் வெறுப்புற்றுத் தனியே வாழ்கிறான். தந்தத்தில் ஒரு பெண்ணைச் செதுக்குகிறான். அவளுக்குக் கிளிஞ்சல், கூழாங்கல், சின்னப் பறவைகள், பூக்கள் எல்லாம் கொண்டுவந்து கொடுக்கிறான். ஆடை உடுத்தி, விரலில் மோதிரம் போட்டுப் பார்க்கிறான். காதல் தேவி வீனஸின் திருவிழாவில் அவள் முன்னால் நின்று வேண்டும்போது, 'என் தந்தப் பெண்ணையே மனைவியாகத் தா' என்று கேட்க நாக்கு எழவில்லை. 'தந்தப் பெண்ணைப் போன்ற ஒருத்தியை' என்று கேட்கிறான். அந்தக் கூச்சம் எனக்கு மிகவும் பிடித்த இடம். வீட்டுக்கு வந்து தொட்டால் தந்தம் மெழுகாக இளகுகிறது. அவள் நாணத்தால் சிவக்கிறாள். கண் திறக்கும்போது வானத்தையும் காதலனையும் ஒரே நேரத்தில் பார்க்கிறாள்.

அவ்வளவுதான். அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஓவிட்டில் அவளுக்குப் பெயரும் இல்லை. கலாட்டியா என்ற பெயர் பல நூற்றாண்டு கழித்துச் சேர்ந்தது. குழந்தை பெறுகிறாள், கதை முடிந்துவிடுகிறது. உயிர் வந்தவள் மறுநாள் காலையில் என்ன சொன்னாள் என்று ஓவிட்டுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஸோயி கசான் எழுதியிருப்பது அந்த மறுநாள் காலையைத்தான்.

ஏனென்றால் ரூபிக்குச் சலிப்பு வருகிறது. உயிருள்ளவர்களுக்கு வரும் சாதாரணச் சலிப்பு. பிக் சர்ரில் இருக்கும் கால்வினின் அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். அப்பா இறந்தபின் அம்மா முற்றிலும் மாறிவிட்டாள். வண்ண வண்ணமான ஆடைகள், வீடு நிறையச் செடிகள், மரச்சாமான் செய்யும் புதுத் துணைவர். ரூபி அங்கே எல்லோருடனும் ஒட்டிக்கொள்கிறாள், சிரிக்கிறாள். கால்வின் புத்தகமும் கையுமாக ஒதுங்கிக் கிடக்கிறான். அவனுக்கு அம்மா மாறியதும் பிடிக்கவில்லை, ரூபி பிறரோடு மகிழ்வதும் பிடிக்கவில்லை. திரும்பி வந்ததும் ரூபி வேலை தேடுகிறாள், ஓவிய வகுப்புக்குப் போகிறாள், அங்கே நண்பர்கள் கிடைக்கிறார்கள். வாரத்தில் ஓர் இரவு என் பழைய இடத்தில் தங்குகிறேனே என்கிறாள். நியாயமான கோரிக்கை. கால்வினால் தாங்க முடியவில்லை.

பூட்டிய இழுப்பறையைத் திறக்கிறான்.

படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கால்வின் அடிக்கும் வரிகள் மிகக் குறைவு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வரிதான். முதலில்: கால்வின் இல்லாமல் ரூபி துயரத்தில் இருந்தாள். உடனே ஓடி வந்துவிடுகிறாள். ஆனால் அப்புறம் அவனை ஒரு நிமிடம்கூட விட முடியவில்லை. தெருவில் கையை விட்டால் அழுகிறாள். அவனுக்கு மூச்சு முட்டுகிறது. அடுத்த வரி: ரூபி எப்போதும் பொங்கும் மகிழ்ச்சியில் இருந்தாள். இப்போது எதைப் பார்த்தாலும் துள்ளுகிறாள். அவளிடம் வருத்தத்தைச் சொன்னால்கூடச் சிரிக்கிறாள். அவள் சந்தோஷம் தன்னால் வந்ததல்ல என்று அவனுக்கு உறுத்துகிறது. கடைசியில் நல்ல எண்ணத்தோடுதான் அடிக்கிறான்: ரூபி ரூபியாகவே இருந்தாள், சந்தோஷமோ துக்கமோ அவள் உணர்ந்தபடி. அதுவும் வேலை செய்யவில்லை. ஒரு நிமிடம் அன்பு, மறு நிமிடம் எரிச்சல் என்று அவள் அலைபாய்கிறாள்.

இந்த வாக்கியங்களை இலக்கணமாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் எழுவாய் ரூபி. பயனிலையும் அவளுடையதே. கால்வின் எங்கேயும் செய்பவனாக வரவில்லை. ஆனால் செய்தது முழுக்க அவன். 'நீ நீயாக இரு' என்றுகூட ஒருவரை உத்தரவு போட்டு இருக்கச் செய்ய முடியாது. உத்தரவு வந்த கணத்தில் அவள் அவளாக இல்லை. மூன்றாவது வரியின் தோல்வியில் இதைக் காட்டிவிடுகிறார் கசான். எந்தப் பாத்திரமும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அமெரிக்காவில் ஒரு சொல்லைக் கட்டாயம் எடுப்பார்கள்: 'மேனிக் பிக்ஸி டிரீம் கேர்ள்'. நேதன் ராபின் என்ற விமர்சகர் 2007இல் வேறொரு படத்தைப் பற்றி எழுதும்போது உண்டாக்கிய சொல். சோகத்தில் இருக்கும் கதாநாயகனுக்கு வாழ்க்கையைக் கற்றுத்தருவதற்காகவே திரையில் வரும் துறுதுறுப்பான பெண். நம் ஊரில் 'லூசுப் பொண்ணு' கதாநாயகி என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அது. ரூபியை அப்படிச் சொன்னபோது கசான் ஏற்கவில்லை. வித்தியாசமான பெண் பாத்திரங்களை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு அடைக்கும் சொல் என்றார். அந்தச் சொல் கைமீறிப் போய்விட்டது என்று ராபினே 2014இல் அதற்காக மன்னிப்புக் கேட்டு எழுதினார். எனக்குக் கசான் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. திரையில் துறுதுறுப்பாக ஒரு பெண் வந்தால் அது குற்றமில்லை. அவள் துறுதுறுப்பாக இல்லாத நேரத்தில் கேமரா எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. இந்தப் படத்தில் கேமரா அவளோடு இருக்கிறது. மேத்யூ லிபாடிக்கின் ஒளிப்பதிவில் அந்த வெள்ளை வீட்டுக்குள் ரூபி மட்டும்தான் நிறம். அந்த நிறம் சோர்ந்து உட்கார்ந்திருப்பதையும் நாம் பார்க்கிறோம்.

சரி, உச்சக்கட்டத்துக்கு வருகிறேன். இதை எழுத எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

ஒரு விருந்துக்குப் போகிறார்கள். அங்கே பழைய காதலி லைலாவைக் கால்வின் சந்திக்கிறான். அப்பா இறந்த துக்கத்தில் இருந்தபோது இரக்கமில்லாமல் விட்டுப் போனவள் என்றுதான் அதுவரை அவளைப் பற்றி நமக்குத் தெரியும், ஏனென்றால் அவன் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். அவளோ வேறு கதை சொல்கிறாள். நீ என்னைப் பற்றி மனதில் ஒரு படம் வைத்திருந்தாய், அதற்குப் பொருந்தாத எதை நான் செய்தாலும் நீ பார்க்கவே மாட்டாய் என்கிறாள். ஒரு நிமிடக் காட்சி. ரூபிக்கு முன்பே அவன் ஒருத்தியை எழுதியிருக்கிறான், தட்டச்சுப் பொறி இல்லாமலே.

அன்றிரவு வீட்டில் பெரிய சண்டை. ரூபி கிளம்புகிறாள். உன்னால் முடியாது என்கிறான். வரியை அடிக்கிறான். அவள் வாசலைத் தாண்டப் போய், கண்ணுக்குத் தெரியாத சுவரில் மோதி நிற்கிறாள். பிறகு அவன் நிறுத்தவில்லை. பிரெஞ்சு பேசு. பேசுகிறாள். நாயாகக் குரை. நான்கு காலில் விழுந்து குரைக்கிறாள். உன்னை நேசிக்கிறேன் என்று சொல். சொல்கிறாள். நீ மேதை, நீ மேதை என்று கத்திக்கொண்டே குதிக்கிறாள், குதித்துக்கொண்டே இருக்கிறாள், தரையில் சுருண்டு விழும்வரை. தட்டச்சுப் பொறியின் சத்தம் துப்பாக்கிச் சத்தம் போலக் கேட்கிறது. பால் டேனோவின் முகத்தில் வெறியும் பயமும் ஒன்றாக இருக்கின்றன. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தும் விரல் நிற்கவில்லை.

அந்த அறையில் குரைத்துக்கொண்டு விழுகிறவர்தான் அந்த உத்தரவு ஒவ்வொன்றையும் எழுதியவர் என்பது இரண்டாவது முறை பார்க்கும்போது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர் அவர் நேசிக்கும் மனிதர். நேசமுள்ள வீட்டுக்குள் நடக்கக்கூடிய மிக மோசமான ஒன்றை, தன் உடம்பாலேயே நடித்துக் காட்டியிருக்கிறார் ஸோயி கசான். காதல் படம் என்று பெயர் வாங்கிய ஒன்றில் இவ்வளவு பயங்கரமான காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ'வில் ஒருவன் ஒருத்திக்குத் துணியும் கூந்தல் நிறமும் மாற்றி மாற்றி இறந்துபோனவளாக ஆக்கப் பார்ப்பான். அது இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். அந்தக் கதாநாயகன் பெயரும் ஸ்காட்டி. நம் கால்வினின் நாய்க்குப் பெயர் வந்தது எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டிடமிருந்து என்று படம் சொல்கிறது. இருந்தாலும் அந்த ஒற்றுமை என் மனதில் ஒட்டிக்கொண்டது.

இனி என் கதை.

2018இல் மாமனார் இறந்தார். கும்பகோணத்தில் வீடு. மனைவி மூத்த மகள். உடன்பிறந்த ஆண்கள் கிடையாது. அடுத்த வருடம் அந்தச் சாவை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. கதையில் அப்பாவை இழந்த பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவருடைய வெள்ளைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டில் யாருக்கும் கேட்காமல் அழுவாள். சட்டைப் பையில் ஒரு பேருந்துச் சீட்டு இருக்கும். படித்தவர்கள் எல்லோரும் அந்தச் சட்டையைப் பற்றித்தான் பேசினார்கள். இரண்டு மூன்று பேர் தொலைபேசியில் அழைத்து, படித்துக் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மனைவி படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இது நான் இல்ல" என்றாள்.

"கதைதானே" என்றேன்.

"நான் அன்னிக்கு எந்தச் சட்டையையும் பிடிச்சுக்கிட்டு உக்காரல. அடுப்படி வாசல்ல நின்னு இலை எண்ணிட்டிருந்தேன்."

பதினாறாம் நாள் காரியத்தன்று சமையல்காரருக்கு இலைக் கணக்குச் சொன்னது அவள்தான், உண்மை. நானும் பார்த்தேன். பார்த்ததை விட்டுவிட்டுப் பார்க்காததை எழுதினேன். புனைவு என்றால் அப்படித்தான், நிஜத்தை அப்படியே எழுத முடியாது, கலைக்கு ஒரு உருவம் வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னது இது:

"கதையை நான் குறை சொல்லல. கதை எழுதினதுக்கப்புறம் நீங்க என்னை அப்படித்தான் பார்க்கிறீங்க. அப்பா பேச்சு வந்தாலே என் முகத்தைப் பார்க்கிறீங்க. அழுவேன்னு காத்துக்கிட்டிருக்கீங்க. எனக்கு அழுகை வரலேன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கு."

அது நிஜம். ஜன்னலோரத்துப் பெண்ணை எழுதிய பிறகு எனக்கு அவள்மேல் பிரியம் வந்துவிட்டது. இலை எண்ணியவளை விட அவள் எனக்கு நெருக்கமாகிவிட்டாள், ஏனென்றால் அவளை எனக்கு முழுதாகத் தெரியும். எப்போது அழுவாள், எப்போது நிமிர்வாள் எல்லாம் தெரியும். பக்கத்தில் இருப்பவளை அப்படித் தெரியாது. கல்யாணம் ஆகி எத்தனை வருடமானாலும் தெரியாது. இதை அப்போது எனக்கு வார்த்தையாக்கத் தெரியவில்லை. போன மார்கழியில் லைலா அந்த ஒரு நிமிடம் பேசியபோது என் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்க்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

எழுதுகிறவர்களுக்கு மட்டும் உள்ள வியாதியா இது என்று பிறகு யோசித்தேன். இல்லை. 'என் பிள்ளை ரொம்ப அமைதி' என்று பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லியே ஒரு பிள்ளையை வாய் திறக்காமல் செய்துவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். 'அவளுக்குக் கோபமே வராது' என்று பெயர் வாங்கியவள், அந்தப் பெயருக்காகவே முப்பது வருடம் கோபப்படாமல் இருந்ததும் எனக்குத் தெரியும். பொறி தேவையில்லை. அன்போடு சொல்லப்படும் ஒரு வரி போதும். எழுவாய் அவர்கள், செய்பவர் நாம்.

கால்வின் கடைசியில் ஒன்று செய்கிறான். விழுந்து கிடந்தவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, கடைசிப் பக்கத்தை அடிக்கிறான். வீட்டை விட்டு வெளியேறிய கணத்தில் ரூபியைக் கடந்த காலம் விட்டுவிட்டது, அவள் இனி கால்வினின் படைப்பு அல்ல, சுதந்திரமானவள். கைப்பிரதியை அவளுக்காக வைக்கிறான். காலையில் அவள் இல்லை. இதற்குப் பிறகு அவன் தட்டச்சுப் பொறியை விட்டுவிட்டுக் கணினியில் நாவல் எழுதுகிறான், நடந்த கதையையே. 'தி கேர்ள்ஃபிரண்ட்' என்று பெயர். புத்தகம் வெற்றி பெறுகிறது.

அப்புறம் ஒருநாள் நாயோடு பூங்காவில் நடக்கும்போது ஒரு பெண் அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ரூபியின் முகம். அவளுக்கு எதுவும் நினைவில்லை. எங்கேயோ பார்த்தது போல இருக்கிறதே என்கிறாள். அவன்தான் அந்த எழுத்தாளன் என்று தெரிந்ததும், முடிவைச் சொல்லிவிடாதே என்கிறாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். படம் முடிகிறது.

2013இல் இந்த முடிவைப் பார்த்து நானும் நண்பனும் கைதட்டினோம். இப்போது பிடிக்கவில்லை. அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, அவளுக்கு ஒன்றும் இல்லை. அவள் எதை விரும்புவாள், எதற்குக் கோபப்படுவாள், யாருக்காக அழுதாள் எல்லாம் தெரிந்தவன் ஒருவனும், எதுவும் தெரியாதவள் ஒருத்தியும் புல்வெளியில் உட்கார்ந்து முதல் சந்திப்புப் போலப் பேசுவதில் எனக்குச் சமநீதி தெரியவில்லை. அந்த அறையில் நடந்ததை அவளிடம் அவன் எப்போது சொல்வான்? அவள் மன்னிக்க வேண்டியது எது என்றே அவளுக்குத் தெரியாதே.

இந்தச் சண்டை புதிதல்ல. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மாலியன்' 1913இல் அரங்கேறிய காலத்திலேயே தொடங்கியது. பூ விற்கும் எலைஸாவுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்துச் சீமாட்டியாக்குகிறார் ஹிக்கின்ஸ். கடைசியில் அவள் அவரை எதிர்த்து நின்று வெளியேறிவிடுகிறாள். அதுதான் ஷாவின் முடிவு. ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. இருவரும் சேர்ந்தால் என்ன என்றார்கள். ஷா சளைக்கவில்லை. 1916இல் நீண்ட பின்னுரை எழுதி, எலைஸா ஹிக்கின்ஸைக் கட்டிக்கொள்ளவில்லை, அவளை நேசித்த இளைஞன் ஃபிரெடியைத்தான் கட்டிக்கொண்டாள் என்று அடித்துச் சொன்னார். அப்படியும் 1938இல் வந்த படத்தில் எலைஸா திரும்பி வந்தாள். அதே கதையை இசைப்படமாக எடுத்த 1964இன் 'மை ஃபேர் லேடி'யிலும் திரும்பி வந்தாள். செய்தவனிடம் செய்யப்பட்டவள் திரும்பி வர வேண்டும் என்பதில் பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு ஆசை. நான் கைதட்டியதும் அந்த ஆசையில்தான்.

ஷா சொன்னதே சரி என்று இப்போது படுகிறது. ரூபி அந்தக் காலையில் தெருவில் இறங்கி நடந்ததோடு படம் முடிந்திருக்க வேண்டும். கனவில் முதுகுக்குப் பின்னால் இருந்த சூரியன் அவள் முகத்தில் விழும்படி ஒரு காட்சி, போதும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 'முடிவைச் சொல்லிவிடாதே' என்று அவள் கேட்கும்போது பால் டேனோவின் முகத்தைப் பாருங்கள். அந்த முகத்தில் எந்தத் திட்டமும் இல்லை. அடுத்து அவள் என்ன சொல்வாள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். நூற்றுச் சொச்ச நிமிடப் படத்தில் அவன் அவளைப் பார்த்துக் காத்திருப்பது அங்கே மட்டும்தான். அந்த முகத்துக்காக அந்த முடிவைக் கசான் எழுதினார் என்றால் அதை என்னால் ஒதுக்கிவிட முடியாது.

மனைவியிடம் இதைச் சொன்னேன். "அவன் மாறிட்டான்னு காட்ட அவ எதுக்கு வரணும்? நாயைப் பார்த்து மாறட்டும்" என்றாள். கொஞ்சம் யோசித்தால், அந்த மருத்துவர் முதலில் கொடுத்த வீட்டுப்பாடமும் நாயைப் பற்றியதுதான். கால்வின் அந்த ஒரு பக்கத்தில் நின்றிருக்கலாம்.

இந்தத் தை மாதம் அந்தச் சிறுகதையை எடுத்து மறுபடி எழுதினேன். தொகுப்பில் சேர்ப்பதற்காக. ஜன்னல், சட்டை, பேருந்துச் சீட்டு மூன்றையும் எடுத்துவிட்டேன். அடுப்படி வாசல், வாழை இலைக் கட்டு, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அடுக்கும் கைகள். அழுகை இல்லை. அவளிடம் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே படித்தாள். ஓர் இடத்தில் நிறுத்திப் பேனா கேட்டாள். நான் 180 இலை என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 210 என்று எழுதினாள்.

"180 முதல்ல வந்தது. பத்தல. அடுத்த தெருப் பையனை சைக்கிள்ல தோப்புக்கு அனுப்பி இன்னும் முப்பது வெட்டிட்டு வரச் சொன்னேன். அவன் வர்ற வரைக்கும் கொல்லைப்பக்கம் நின்னுட்டிருந்தேன். அப்பதான் கொஞ்சம் அழுதேன்."

அது எனக்குத் தெரியாது.